திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களை ஆள் அடையாளம் காண 100-400 லென்ஸ்: நீண்டகாலப் பாவனை

வால் தூக்கும் படம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு நீலத் திமிங்கிலத்தையும் தனி ஆளாகப் பிரித்தறிய முதலில் வேண்டியது முதுகுத் துடுப்பும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் தேமலும்தான். அந்தத் தேமல் ஆண்டுக்கணக்கில் மாறாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சந்திப்பில் எடுக்காவிட்டால் ஒரே திமிங்கிலம் பதிவேட்டில் இரண்டு எண்ணோடு கிடக்கும்.

இந்த வேலைக்கு 100-400 மி.மீ. ஸூம் லென்ஸ் போதும். ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சர்) கமராவில் 400 மி.மீ. வைத்தால் 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 5.5 மீற்றர் அகலம் விழும். துடுப்பும் தேமலும் தாராளமாக அடங்கும். ஷட்டர் 1/1000 செக்கனைவிட மெதுவாகப் போகக்கூடாது, ஃபைபர் படகு ஆடினால் 1/1600. ட்ரைபொட் வீண், இஞ்சின் அதிர்வை அப்படியே கமராவுக்குக் கடத்தும்.

படம் கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தால். காலையில் கரையிலிருந்து கிழக்கே போகையில் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். முதுகு கறுத்து, தேமல் மறைந்துவிடும். படகோட்டியிடம் சொல்லி, திமிங்கிலத்தின் முன்னால் குறுக்கறுக்காமல் தூர விலகிச் சுற்றி, கடற்பக்கம் வந்து நிற்கவேண்டும். மூச்சுவிடும்போதே தொடர்ந்து எடுக்கத் தொடங்கி, துடுப்பு அமிழும்வரை விரலை எடுக்கவேண்டாம். முதுகு பக்கவாட்டில் நேராகத் தெரியும் படம்தான் ஒப்பிட உதவும்.

ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு இது தலைகீழ்: வாலின் பின்விளிம்பு வெட்டுகளே அடையாளம். நேர் பின்னாலிருந்து எடுக்கவேண்டும், வால் சரிந்திருந்தால் ஓர வெட்டுகள் ஒளிந்துவிடும்.

சுறா கடித்த வட்டத் தழும்புகளைத் துணைச் சான்றாக மட்டுமே வைக்கலாம், அவை மங்கும். வடகடல்களின் வெள்ளைத் திமிங்கிலமான பெலுகாவில் தழும்பை அப்படித் துணையாக மட்டும் வைக்கும் சலுகையும் இல்லை. முதுகுத் துடுப்பே கிடையாது, குட்டி சாம்பலாகப் பிறந்து ஆண்டுகள் போகப்போகத்தான் வெளுக்கும். கனடாவின் சென் லோரன்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் தழும்பையும் முதுகு மேட்டையும் நம்பியே அவற்றைத் தொடர்கிறார்கள்.

புறப்படுமுன் நேரம் காட்டும் ஜிபிஎஸ் திரையை ஒரு படம் எடுத்துவைத்தால் கமரா நேரம் பிசகினாலும் பின்னர் திருத்தலாம். மூலக்கோப்பைத் தொடாமல், நகலில் மட்டும் வெட்டுங்கள். மங்கல் படங்களை ஒப்பிடுமுன்பே கழித்துவிடவேண்டும். தவறான பொருத்தங்கள் அவற்றிலிருந்துதான் வருகின்றன. திமிங்கிலப் படங்களை ஒப்பிடும் ஹப்பிவேல் இணையத்தளம் ஹம்பக் திமிங்கில வாலை அருமையாகப் பொருத்தும். தேமலுக்கு இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒத்துக்கொள்வதே நம்பகம்.

லென்ஸின் ஒரே பலவீனம் நீளும் குழல். உப்பை உள்ளே இழுத்து, காலப்போக்கில் ஸூம் வளையம் இறுகும். கரைக்கு வந்ததும், குழலை உள்ளே தள்ளுமுன், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும்.