வகன் ஆரா, விட்ஸா: சோளகக் காற்றில் ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் சாரதி இல்லாமல் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கார்களில் சுசுகி வகன் ஆரையும் டொயோட்டா விட்ஸையும் எளிதாகக் காணலாம். சொந்தமாக ஒன்றை வாங்க எண்ணியிருந்த எனது குடும்பம், இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் வாடகைக்கு எடுத்து, நகரத்துக்குள்ளும் தீவுப்பகுதியிலும் ஏ9 வீதியில் வவுனியா வரையும் ஓட்டிப் பார்த்த பின்னர் விட்ஸையே தெரிவுசெய்தது. ஆகவே இவ்வொப்பீடு விட்ஸின் பக்கம் சாய்ந்தே இருக்கும். நாங்கள் ஓட்டிய வகன் ஆர் 2017இல் ஜப்பானில் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த 660 சி.சி. கார், விட்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த 1000 சி.சி. கார்.

பெற்றோல் செலவில் வகன் ஆருக்கே வெற்றி. உதிரிப்பாகங்களும் திருத்துநரும் இரண்டுக்கும் இங்கே கிடைப்பதால் அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

ஏறி இறங்கும் வசதியில் வகன் ஆரை மிஞ்சுவது கடினம். இருக்கை உயரமானது, கதவு அகலத் திறக்கிறது, கூரை தலைக்கு மேல் தாராளமாக நிற்கிறது. முழங்கால் நோவுள்ள என் தாயார் சேலையோடு குனியாமல் ஏறி அமர்ந்ததையும், விட்ஸில் ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து இறங்க வேண்டியிருந்ததையும் பார்த்தபோது தெரிவு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். 1475 மில்லிமீற்றர் அகலமே உள்ள வகன் ஆர், இருபுறமும் வேலி நெருக்கும் ஒழுங்கைகளில் எதிரே மோட்டார் சைக்கிள் வந்தாலும் விலகிப் போக இடம் விடுகிறது. ஆனால் அது நால்வர் மட்டுமே அமரும் கார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாமவருக்கு அதில் ஆசனப்பட்டி கிடையாது.

எங்கள் முடிவை மாற்றியது பக்கக் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குச் சென்று, அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும், நயினாதீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். இருபுறமும் கடல், நடுவில் ஒடுங்கிய வீதி, காற்றைத் தடுக்க ஒரு பனைகூட இல்லை. நயினாதீவு அம்மன் திருவிழா ஆனி மாதத்தில் வருவதால், ஊரே அந்தப் பாதையில் திரளும் காலமும் காற்று மூர்க்கமாக வீசும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

வகன் ஆரின் உயரம் 1650 மில்லிமீற்றர். அதாவது அகலத்தை விட உயரம் 175 மில்லிமீற்றர் கூடியது. விட்ஸிலோ அகலம் 1695, உயரம் 1500 மில்லிமீற்றர் என்பதால் நிலைமை நேர்மாறாக உள்ளது. வகன் ஆரின் எடை 800 கிலோவை ஒட்டியது. விட்ஸ் 1000 கிலோவை நெருங்குகிறது. உயரமான, தட்டையான பக்கமும் குறைந்த எடையும் ஒன்றுசேரும்போது காற்றுக்கு அது பாய்மரம்போல் ஆகிவிடுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், சீராக வீசும் காற்றை விடத் திடீரெனத் தாக்கும் காற்றே ஓட்டுநரைச் சோதிக்கிறது. எதிரே வரும் பஸ் ஒரு கணம் காற்றை மறைத்துவிட்டு விலகும்போது வகன் ஆர் முதலில் ஒரு பக்கமும் பின்னர் மறுபக்கமும் இழுபட்டது. சுக்கானை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்ததில் தோள்கள் இறுகிவிட்டன. பின்னிருக்கையில் இருந்தவர்களுக்குத் தலைசுற்றலும் வந்தது. ஏறும்போது கிடைத்த சுகம் அத்தோடு போய்விட்டது.

அதே தாம்போதியில், அதே பருவத்தில், விட்ஸும் காற்றை உணர்ந்தது. ஆயினும் சிறிய திருத்தத்தோடு தன் கோட்டிலேயே சென்றது. ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடக்கும்போதும், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் லொறியொன்றை முந்தும்போதும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பள்ளத்தில் விழுந்தெழும் வேளையில் விட்ஸ் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. வகன் ஆர் பள்ளத்தை மென்மையாக வாங்கினாலும் அதன் பிறகு பக்கவாட்டில் ஆடி ஓய்வதற்குச் சற்று நேரம் எடுக்கிறது.

வாடகைக் கார்களின் ரயர்களும் சொக் அப்சோர்பர்களும் எவ்வளவு தேய்ந்தவை என்பது தீர்ப்பைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயத்தில், புதிய ரயர்கள் பூட்டிய வேறொரு வகன் ஆரையும் பின்னர் எடுத்துப் பார்த்தேன். இழுப்பு ஓரளவு குறைந்தது, இல்லாமற் போகவில்லை. எனது அனுபவம் சமதரையோடு நிற்பதால், கண்டி, நுவரெலியா மலைப்பாதைகளில் இவை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இக்கருத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

விட்ஸிலும் குறைகள் உண்டு. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போது மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் இருக்கை வரை வருகிறது. வீதி இரைச்சல் உள்ளே கேட்கிறது. உயரமானவர் முன்னால் இருந்தால் பின்னால் இருப்பவருக்கு முழங்கால் இடிக்கிறது. தாயாருக்காக இருக்கையின் மேல் தடித்த மெத்தையொன்றைப் போட்டிருக்கிறோம். அது பாதித் தீர்வே.

யாழ் நகரையொட்டிய திருநெல்வேலிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் முதியவர்களுக்கு வகன் ஆரையே பரிந்துரைப்பேன். தீவுப்பக்கமோ வன்னிப்பக்கமோ அடிக்கடி செல்பவர்கள், வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதானால் ரயர்களின் காற்றைச் சரிபார்த்து, குடும்பத்தாரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, சோளகம் பலமாக வீசும் பிற்பகலொன்றில் பண்ணைப் பாலத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றில்லாத விடிகாலையில் இரண்டு கார்களும் ஒரேமாதிரித்தான் ஓடும்.