சிம்மக்கல் மாலை இலக்கண வகுப்பு: பார்ட்டிசிபிளுக்காகவே சேரலாம்

பிளஸ் டூ மாணவர்களுக்கும் பேங்க் தேர்வு எழுதுபவர்களுக்கும் மதுரை சிம்மக்கல்லில் மாலையில் நடக்கும் ஆங்கில இலக்கண வகுப்பு இது. பார்ட்டிசிபிள் என்பது ‘வாக்கிங்’ போல, எச்சமாக நிற்கும் வினை வடிவம். பல டியூஷன்களில் இதை ‘ஐஎன்ஜி வந்தால் கமா போடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே முதல் கேள்வியே, அந்த வினை சொல்லும் வேலையைச் செய்வது யார் என்பதுதான்.

‘வாக்கிங் அலாங் டவுன் ஹால் ரோடு, தி டவர் லுக்ட் பியூட்டிஃபுல்’ என்று பலகையில் எழுதுகிறார் ஆசிரியர். கமாவை அடுத்து நிற்கும் எழுவாய் ‘டவர்’. அப்படியானால் நடந்து போவது கோபுரம்! கமாவுக்குப் பின் ‘ஐ சா தி டவர்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை ஏன் வருகிறது என்பதையும் காட்டுகிறார். ‘ரோட்டில் நடக்க நடக்க, கோபுரம் தெரிந்தது’ என்றால் தமிழில் பிழையே இல்லை. ‘நடக்க’ போன்ற ‘செய’ என்னும் எச்சம் பிற எழுவாயையும் ஏற்கும், ‘நடந்து’ போன்ற ‘செய்து’ என்பது தன் எழுவாயைக் கொண்டே முடியும் என்பது நன்னூல் விதி. வாக்கியத்தின் முதலில் வரும் பார்ட்டிசிபிளைச் ‘செய்து’ போல நினைத்து எழுதினால் பாதிப் பிழை போய்விடும். தமிழ் இலக்கணமும் தெரிந்த ஆசிரியர் அமைந்ததுதான் இந்த வகுப்பின் பெரிய பலம்.

கமா பாடமும் அருமை. ‘தி பாய் ஸ்டாண்டிங் அட் தி கவுன்டர்’ என்பது எந்தப் பையன் என்று அடையாளம் காட்டுவதால் கமா கூடாது. ‘குமார், ஸ்டாண்டிங் அட் தி கவுன்டர், வேவ்ட்’ என்றால் பெயரே அடையாளம்; இரண்டு பக்கமும் கமா வேண்டும், ஒன்றை மட்டும் போட்டால் தவறு. ‘ஐ சா குமார் க்ராசிங் தி ரோடு’ என்றால் ரோட்டைக் கடப்பவர் குமார். குமாருக்குப் பின் ஒரு கமா விழுந்தால், கடப்பது நான்.

குறை ஜெரண்டில், அதாவது பெயர்ச்சொல்லாக நிற்கும் ஐஎன்ஜி வடிவத்தில், இருக்கிறது. ‘ஸ்விம்மிங் இன் தி வைகை இஸ் டேஞ்சரஸ்’ என்பதில் ஐஎன்ஜி தொடரே எழுவாய், எனவே வைகைக்குப் பின் கமா வராது. கையேட்டில் இது பல பாடம் தள்ளி வருவதால், அதுவரை மாணவர்கள் அங்கேயும் கமா போடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் நடத்த வேண்டும். அதுவரை, முதலில் வரும் ஐஎன்ஜி தொடரை விரலால் மறைத்துப் படியுங்கள். மீதி தனி வாக்கியமாக நின்றால் கமா. ‘இஸ் டேஞ்சரஸ்’ என்று தலையில்லாமல் மிஞ்சினால் வேண்டாம்.

பேங்க் தேர்வுக்குப் போகிறவர்கள் ‘பீயிங் எ ஹாலிடே, தி பேங்க் வாஸ் க்ளோஸ்ட்’ போன்ற வாக்கியங்களை இன்னும் அதிகம் கேட்டு வாங்குங்கள். விடுமுறை நாள் பேங்க் அல்ல, எனவே ‘இட் பீயிங்’ என்று தொடங்க வேண்டும். கையேட்டில் இதற்குப் பயிற்சி போதாது.