ரிட்டயர்டு ஆனவருக்கு ஒரு டைரி, அதுவும் குன்னூர் ஈரத்தில்

ஓய்வு பெற்றதும் டைரி எழுதுங்க, மனசுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த டைரி என்று யாரும் சொல்வதில்லை. குன்னூரில் பெட்போர்டு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் 380 ரூபாய்க்கு வாங்கிய 'எக்சிக்யூட்டிவ்' டைரியில் ஜனவரியிலிருந்து எழுதி வந்தேன். ஏ5 அளவு, ரெக்சின் அட்டை, நாளுக்கு ஒரு பக்கம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலைக்குக் கடையில் பார்த்ததெல்லாம் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

இதைத் தயாரித்தவர் ஆபீஸ் போகிறவரை மட்டும்தான் நினைத்திருக்கிறார். பக்க ஓரத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை மணி அச்சடித்திருக்கிறது. அருவங்காடு மத்திய அரசு வெடிமருந்து ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்த காலத்தில் அது உதவியிருக்கும், இப்போது 9 மணிக்கு எனக்கு என்ன வேலை, வெயில் அடித்தால் வாசலில் நாற்காலி போடுவதுதான். முன்னால் எஸ்டிடி கோடு, அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கும் அட்டவணை, ஊருக்கு ஊர் தூரம் என்று ஒரு கத்தை பக்கம் போகிறது. பிபி, சுகர் குறிக்க ஒரு கட்டம் கிடையாது. எங்களைப் போன்ற மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு நினைவூட்டலாவது போட்டிருக்கலாம்.

இதையெல்லாம்கூட விடலாம், சனியும் ஞாயிறும் சேர்த்து ஒரே பக்கம் கொடுத்திருப்பதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் போன் பண்ணுவது, கோயம்புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் ஏறி வருவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். எழுத நிறைய இருக்கிற நாளுக்கு அரைப் பக்கம், ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கு முழுப் பக்கம்.

அப்புறம் ஈரம். ஜூனில் மூட்டம் இறங்கியபோதே தாள் நமத்த அப்பளமாகிவிட்டது. குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான், அதில் டைரியின் முதுகு விட்டுப்போனது, உள்ளே பார்த்தால் வெறும் பசை, நூலே கிடையாது. ரெக்சின் அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை. மைப்பேனாவில் எழுதினால் எழுத்து மீசை முளைத்தது போலப் பரவிப் பின்பக்கத்திலும் தெரிகிறது. ஜெல் பேனா மையும் பெரும்பாலும் தண்ணீர் கலந்ததுதான், விரல் ஈரம் பட்டால் இழுக்கிறது. பால்பாயின்ட் மை எண்ணெய் சேர்ந்தது, அது மட்டும் நின்றது. இப்போது டைரியை பீரோவில் துணிமணிக்கு நடுவே வைக்கிறேன், உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பு எரியும், மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்த வைத்தியம் தெரியும்.

அதே கடையில் நீளமான கணக்கு நோட்டு கிடைக்கிறது, நூல் தையல், காலிகோ துணி பைண்டிங், கெட்டித் தாள், விலையும் குறைவு. மழை நடுவில் அதற்கு மாறிவிட்டேன். தேதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் வசதியே. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினாரே, அவருக்கு யார் தேதி அச்சடித்துக் கொடுத்தார்கள்? காட்டெருமை வேலியை மிதித்து உள்ளே வந்து பீன்ஸ் கொடியை மேய்ந்த அன்று நான் மூன்று பக்கம் எழுதினேன். அடுத்த நாளுக்கு 'மழை. முட்டி வலி.' அவ்வளவுதான்.

பிளம்பர் அட்வான்ஸ் வாங்கிய தேதி, சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் நோட்டில் இருப்பதால் வீட்டில் வாக்குவாதம் பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதிக்கு எந்த நோட்டும் உதவாது.

தேதி போட்ட டைரிதான் வேண்டும் என்கிறவர்கள் பொங்கல் கழிந்து போய்க் கேளுங்கள், கடைக்காரரே விலையைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்கும் முன் நடுவில் விரித்து நூல் தெரிகிறதா என்று பாருங்கள். என் 380 ரூபாய் டைரிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதன் மிச்சப் பக்கங்களில் வீட்டம்மா பால் கணக்கு எழுதுகிறார், அவருக்கு அந்த ஞாயிறு அரைப் பக்கமே தாராளம்.