விட்ட அடியைக் காட்டும் லிச்செஸ்: மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும்?

கோத்தகிரி, குன்னூர்ப் பிள்ளைகள் கோவை செஸ் போட்டிக்கு இறங்கி, நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டோடு மலையேறுகிறார்கள். அந்தத் தாளில் ஒளிந்திருக்கும் அடிகளை, அதாவது தவறவிட்ட நல்ல நகர்த்தல்களை, தோண்டியெடுக்க லிச்செஸ் என்ற செஸ் இணையதளம் போதும். காசும் இல்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை.

அனாலிசிஸ் போர்டில் நகர்த்தல்களை வரிசையாகப் போடுங்கள். நடுவில் போர்டு ஏற்க மறுத்தால், எந்தக் குதிரை, எந்த யானை என்று எழுதாமல் விட்ட இடத்தை முதலில் பாருங்கள். முடிந்ததும் பிஜிஎன்-ஐ (ஆட்டத்தின் நகர்த்தல்கள் அடங்கிய எழுத்துப் பதிவு) காப்பி எடுத்து, கேம் இம்போர்ட் பக்கத்தில் ஒட்டி, கம்ப்யூட்டர் அனாலிசிஸ் கேளுங்கள். பிறகு 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' பகுதி, சறுக்கிய இடத்தில் நிறுத்தி நல்ல நகர்த்தலைக் கேட்கும். இதுதான் சரக்கு. விடையைப் பார்க்கும் பட்டனை மட்டும் உடனே தொடக் கூடாது.

குறை என்னவென்றால், எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஒரு உதாரணம், வெள்ளையும் கருப்பும் மாறி மாறி: இ4 இ5, குதிரை எஃப்3 டி6, பிஷப் சி4 பிஷப் ஜி4, குதிரை சி3 ஜி6. இங்கே வெள்ளைக் குதிரை இ5-ல் வெட்டலாம். பதிலுக்குக் கருப்பு வெள்ளையின் ராணியை எடுத்தால், வெள்ளை பிஷப் எஃப்7-ல் வெட்டிச் செக், ராஜா இ7, குதிரை டி5 மேட். ராணியைத் தொடாமல் குதிரையை வெட்டினால், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும். ஒரு சிப்பாய் லாபம். ஆனால் ஜி6-க்குப் பதில் கருப்புக் குதிரை சி6-க்கு வந்திருந்தால் அதே வெட்டு வெள்ளைக்கே நஷ்டம். அந்தக் குதிரை இ5-ல் திருப்பி வெட்டி, பிஷப்புக்கும் காவலாகிவிடும். இந்த வித்தியாசத்தை எஞ்சின் (ஆட்டத்தை அலசும் மென்பொருள்) வாய்விட்டுச் சொல்லாது. கடைசி நகர்த்தலை மாற்றிப் போட்டு நாமே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தவறை அது வெற்றி வாய்ப்பை வைத்து அளக்கிறது. ஏற்கெனவே ஒரு யானை மிச்சத்தில் இருப்பவர் இன்னொரு காயை வெட்டாமல் விட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஜெயித்த ஆட்டத்தை அறிக்கையை நம்பி மூடிவிடாதீர்கள்.

கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் கரண்டும் டவரும் ஜோடியாகப் போகும். லிச்செஸ் மொபைல் ஆப்பில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் போனுக்குள்ளேயே ஓடுவதால் ஒரு நிலையை அலசத் தடையில்லை. பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். முழு ஆட்டத்தின் அறிக்கை சர்வரில் தயாராவது, அதற்கு நெட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.