ஃபைலா, வளையமா, நாற்காலியா? ஏஐ ட்ரையேஜ் ஆய்வில் நோயாளியின் இடம்

பிரிட்டனில் 2014 முதல் 2017 வரை, விரும்பியவர்கள் கேட்டு வாங்கிக் கையில் மாட்டிக்கொள்ள ஓர் எஃகு வளையம் இருந்தது. 'ஆய்வு வேண்டாம்' என்று அதில் பொறித்திருக்கும். இதயத்துடிப்பு நின்று விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அட்ரினலின் போடுவது பலன் தருகிறதா என்று பார்த்த 'பாராமெடிக்-2' ஆய்வுக்கான வளையம் அது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். விழுந்து கிடப்பவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை. வளையம் இல்லாதவர் ஆய்வுக்குள் வந்துவிடுவார். பிழைத்தவர்களிடம் பிறகு பேசி, தொடர விருப்பமா என்று கேட்பார்கள்.

அதே சிக்கல்தான் இப்போது வேறு உருவில் கேஷுவாலிட்டி வாசலுக்கு வந்திருக்கிறது. யாரை முதலில் பார்ப்பது, யார் காத்திருக்கலாம் என்று தரம் பிரிப்பதை ட்ரையேஜ் என்கிறோம். இதை அனுபவமுள்ள நர்ஸ் நாடியைப் பிடித்து, முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். அவருக்குத் துணையாக ஏஐ வரலாமா என்று பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வில் நோயாளியை எங்கே உட்கார வைப்பது? நான் பார்த்தவரை மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன.

முதல் வழி ஃபைல். நோயாளி வேண்டாம், அவருடைய பதிவேடு போதும். உலகம் முழுக்க ட்ரையேஜ் ஏஐ ஆய்வாளர்கள் எடுத்தாளும் தொகுப்புகளில் ஒன்று பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையிலிருந்து வந்தது: 2011 முதல் 2019 வரை அவசரப் பிரிவுக்கு வந்த சுமார் 4,25,000 வருகைகள், பெயர், அடையாளம் நீக்கியவை. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, என்ன தொல்லை என்று சொன்னார், வலி பத்துக்கு எத்தனை, எல்லாம் உண்டு. செலவு குறைவு, வேகம் அதிகம், யாருக்கும் ஊசி குத்தவில்லை. சரி, என்ன குறை?

கோபன்ஹேகனைப் பாருங்கள். அங்கே அவசர அழைப்புகளைக் கேட்டு 'இது இதயத்துடிப்பு நின்ற கேஸ்' என்று கண்டுபிடிக்கும் ஒரு ஏஐயைப் பழைய ஒலிப்பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1,08,607 அழைப்புகள். போன் எடுத்தவர்கள் 72.5 சதவீதம் கண்டுபிடித்த இடத்தில் இயந்திரம் 84.1 சதவீதம் பிடித்தது, அதுவும் வேகமாக. 2019இல் வெளியான இந்த முடிவு பிரமாதமாகத்தான் இருந்தது. அப்புறம் அதே ஏஐயை வேலை நேரத்திலேயே வைத்துச் சோதித்தார்கள். எச்சரிக்கை கிடைத்த பணியாளர்கள் 93.1 சதவீதம், கிடைக்காதவர்கள் 90.5 சதவீதம். புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஃபைலில் ஜெயித்தது களத்தில் ஜெயிக்கும் என்று நம்ப முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆகவே களத்தில் சோதித்தே ஆகவேண்டும். அப்படியானால் உயிருள்ள, வலியில் இருக்கிற நோயாளியிடமும் போயே ஆகவேண்டும்.

ஃபைல் வழிக்கு இன்னொரு விலையும் உண்டு, நம்பிக்கை. லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அமைப்பு சுமார் 16 லட்சம் பேரின் விவரங்களைக் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்டுக்குக் கொடுத்தது. அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று 2017 ஜூலையில் தகவல் ஆணையர் சொன்னார். சிறுநீரகம் திடீரென்று பழுதாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் நோயாளிகளுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. 2018 மே மாதம் முதல் இங்கிலாந்தில் 'என் ஃபைலை ஆய்வுக்குக் கொடுக்க வேண்டாம்' என்று பதிந்து விலகலாம். 2021இல் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை மொத்தமாகச் சேகரிக்கப்போவதாக அறிவித்ததும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படி விலகினார்கள், திட்டம் நின்றுபோனது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாத் தரப்பிலிருந்தும் ஒரே விகிதத்தில் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மிச்சமிருப்பவர்களை வைத்துக் கற்கும் இயந்திரம் யாரைப் போல யோசிக்கும்?

இரண்டாவது வழி, மேலே சொன்ன வளையம். அமெரிக்காவில் 1996இலிருந்தே இதற்கு விதி இருக்கிறது: உயிருக்கு ஆபத்தான நிலையில் முன்ஒப்புதல் இல்லாமல் ஆய்வு செய்யலாம், ஆனால் முன்னதாக அந்த ஊர் மக்களோடு கலந்து பேசி, வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். ஃபைலைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. இப்படி ஒன்று நடக்கிறது என்பதாவது ஊருக்குத் தெரியும். ஆனால் எத்தனை பேர் காதில் விழும் என்பது வேறு விஷயம். விருப்பமில்லை என்று காட்ட ஆய்வு முடியும்வரை எஃகு மாட்டித் திரியவேண்டும் என்பதும் கொஞ்சம் விசித்திரம்தான். தவிர, ட்ரையேஜுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நினைவோடு, பேசிக்கொண்டே வருகிறார்கள். அவர்களிடம் 'கேட்க நேரமில்லை' என்று சொல்வது சாக்குதான்.

மூன்றாவது நாற்காலி. ஆய்வைத் திட்டமிடும் மேஜையில் நோயாளிக்கும் ஓர் இருக்கை. கேட்கும்போது மரியாதை நிமித்தம் போலத் தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் முடிகிறது: எல்லாம் கட்டி முடித்த பிறகு ஓய்வுபெற்ற நாலு பேரைக் கூப்பிட்டு, துண்டுப்பிரசுரத்தில் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்வது. அதற்கு டீ, பிஸ்கட் செலவு தண்டம்.

ஆனால் நேரத்தோடு கூப்பிட்டால் கதையே மாறும். பாராமெடிக்-2க்கே திரும்புவோம். ஆய்வு தொடங்குமுன் நோயாளிகள், பொதுமக்களிடம் எது முக்கியம் என்று கேட்டிருந்தார்கள். வெறுமனே உயிரோடு இருப்பதைவிட மூளை பாதிக்காமல் பிழைப்பதுதான் முக்கியம் என்றார்கள். 8,014 பேரைச் சேர்த்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அட்ரினலின் போட்டவர்களில் 30 நாள் கழித்து 3.2 சதவீதம் உயிரோடிருந்தார்கள், போடாதவர்களில் 2.4 சதவீதம். மருந்து வென்றது. ஆனால் பிழைத்தவர்களில் கடுமையான நரம்பு பாதிப்போடு வீட்டுக்குப் போனவர்கள் மருந்துப் பக்கம் 31 சதவீதம், உப்புநீர்ப் பக்கம் 17.8 சதவீதம். மக்களிடம் கேட்டதால்தான் இந்த இரண்டாவது எண்ணுக்கு உரிய கனம் கிடைத்தது.

இப்போது பாஸ்டன் ஃபைலுக்கு வாருங்கள். அதை வைத்து வெவ்வேறு கணிப்பு முறைகளை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில் இயந்திரம் கணிக்க வேண்டியவை மூன்று: வார்டில் சேர்ப்பார்களா, 12 மணி நேரத்துக்குள் தீவிர சிகிச்சையோ மரணமோ நேருமா, 72 மணி நேரத்துக்குள் திரும்பி வருவாரா. மூன்றும் மருத்துவமனையின் கேள்விகள். வலி எத்தனை என்ற எண் அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது, ஆனால் வலி எப்போது குறையும் என்பதை யாரும் கணிக்கச் சொல்லவில்லை. என் அம்மா ஒரு தடவை வயிற்றுவலியோடு, 'காத்திருக்கலாம்' என்பதற்கான பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் சுருண்டு கிடந்தார். தரம் பிரித்ததில் தப்பில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. அந்த மூன்று மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் தப்பாகத் தெரியாது.

கருத்த தோலும் இப்படித்தான். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி, கறுப்பின நோயாளிகளின் உண்மையான ஆக்சிஜன் குறைவை, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தவறவிட்டதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த எண்தான் ஃபைலில் ஏறி, ஏஐக்குள்ளும் போகிறது. மேஜையில் ஒரு கருத்த மனிதர் இருந்தால், 'இந்த மெஷின் என் விரலில் சரியாகக் காட்டுமா?' என்று கேட்டிருப்பார்.

நாற்காலியிலேயே இன்னொரு வகை, குடிமக்கள் ஜூரி. 2019இல் மான்செஸ்டர், கவென்ட்ரி நகரங்களில் தலா 18 பேரை ஐந்து நாள் உட்காரவைத்து, ஏஐ விளக்கம் சொல்லவேண்டுமா, துல்லியமாக இருந்தால் போதுமா என்று கேட்டார்கள். பக்கவாதம் கண்டறிவது போன்ற மருத்துவ விஷயங்களில் துல்லியமே முக்கியம் என்றது பெரும்பான்மை. வேலைக்கு ஆள் எடுப்பதில் விளக்கம் வேண்டும் என்றார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம். சௌகரியமாக உட்கார்ந்து விவாதிக்கும்போது துல்லியம் போதும். 'உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் கூப்பிடுகிறோம்' என்று கேட்கும் நிமிடத்தில் ஏன் என்று தெரியவேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'தாய்' என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023இல் மருத்துவ ஏஐக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. நாளை இங்கேயும் ஒரு ட்ரையேஜ் ஏஐ ஆய்வு வந்தால், களச் சோதனைக்கு வளையம் மாதிரி ஏதாவது வேண்டியிருக்கும், ஃபைலும் இல்லாமல் முடியாது. ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் நாற்காலிக்குக் கொடுப்பேன். அதுவும் எதைக் கணிப்பது என்று முடிவு செய்யும் முதல் வாரத்திலேயே, பச்சைப் பட்டையோடு பெஞ்சில் காத்துக் கிடந்த ஒருவருக்கு.