கிண்டி பொறியியல் கல்லூரியா, சென்னை ஐஐடியா: கூடப் படிக்கப்போவது யார்?

இந்த இரண்டு இடங்களிலும் சீட் கிடைக்கும் நிலையில் இருக்கும் ப்ளஸ் டூ மாணவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்களின் வீட்டில் பேச்சு பெரும்பாலும் பிளேஸ்மென்ட், சம்பளம், தரவரிசை என்றே போகிறது. நான்கு வருடம் யாருடன் சேர்ந்து படிக்கப்போகிறோம், யாருடன் ஒரே அறையில் இருக்கப்போகிறோம் என்று கேட்பவர்கள் அரிது. எனக்கு அதுதான் முதல் கேள்வி. சர்தார் படேல் சாலையின் ஒரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், அதன் வளாகத்துக்குள் கிண்டி கல்லூரி; இன்னொரு பக்கம் ஐஐடி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உள்ளே இருக்கும் மாணவர் கூட்டம் முற்றிலும் வேறு.

அதற்குக் காரணம் சேர்க்கை முறை. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் போய்விட்டது. அதன்பின் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்ஆஃப், அப்புறம் கவுன்சிலிங். பள்ளிப் பாடத்தை ஊன்றிப் படித்தவர் எந்த ஊராக இருந்தாலும் வரலாம். ஐஐடிக்கு ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு: முதலில் மெயின், அதில் முன்னணியில் வருபவர்களுக்கு அட்வான்ஸ்டு என்று இரண்டு கட்டம். மெயினைத் தமிழிலும் எழுத முடிகிறது. அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி மையப் படிப்பு இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தாண்டுவது கடினம். அந்தச் செலவைத் தாங்கக்கூடிய வீடு எது, தாங்க முடியாத வீடு எது என்பது வகுப்பறையில் அப்படியே தெரிகிறது.

கிண்டி விடுதியில் தருமபுரிப் பையனும் தூத்துக்குடிப் பையனும் ஒரே அறையில் இருப்பார்கள். கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் ஒரே மேசையில் கேட்கும். 69 சதவீத இடஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை எல்லாம் சேர்ந்து, வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளை அந்த வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கும் தனி இடங்கள் உண்டு. சிவிலும் மெக்கானிக்கலும் 2010 முதல் தமிழ் வழியிலும் நடக்கின்றன. வேறு மாநில மாணவர் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டை இவ்வளவு முழுதாக ஓர் இடத்தில் பார்ப்பதும் எளிதல்ல.

ஐஐடியில் மாநிலம் கூடுகிறது, பின்னணி குறுகுகிறது. ஆந்திரா, தெலங்கானா, ராஜஸ்தான், மகாராஷ்டிரா, கேரளா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். விடுதிகளுக்கு நர்மதா, கோதாவரி, கங்கா என்று நதிப் பெயர்கள். அங்கே சேர்ந்த தமிழ் மாணவருக்கு முதல் வருடத்திலேயே கொஞ்சம் இந்தி, கொஞ்சம் தெலுங்கு காதில் ஏறிவிடும். இது பெரிய லாபம். இந்தியா எவ்வளவு பெரிது என்பது பாடப்புத்தகத்தில் புரிவதில்லை. ஆனால் அந்தப் பல மாநிலக் கூட்டத்தில் பெரும் பகுதி ஒரே மாதிரிப் பயிற்சி மையங்களிலிருந்து, ஒரே மாதிரித் தேர்வுத் தாள்களை எழுதி வந்தது. ஊர் வேறானாலும் பதினாறு, பதினேழு வயது எப்படிக் கழிந்தது என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில் வரும். விளையாட்டு, கலை ஆகியவற்றில் சிறந்தவர்களுக்கு அண்மையில் தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். துறைக்கு இரண்டு இடம்தான் என்றாலும் நல்ல தொடக்கம்.

அங்கே எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. விடுதிக்கு வந்த முதல் வாரமே ‘ரேங்க் என்ன’ என்ற கேள்வி. கேட்பவருக்கு அது சாதாரணம். ரேங்கைச் சொன்னால் ஒதுக்கீட்டில் வந்தவரா என்று ஊகித்துவிடலாம் என்பதால், அப்படி வந்தவருக்கு அது சாதியைக் கேட்பதுதான். கிண்டியிலும் கட்ஆஃப் கேட்பார்கள். ஆனால் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்ட பிரிவுக்கும் அங்கே கட்ஆஃப் வித்தியாசம் மிகச் சிறியது, வகுப்பில் பெரும்பான்மையே ஒதுக்கீட்டில் வந்தவர்கள், அதனால் அந்தக் கேள்வி அவ்வளவாகக் குத்துவதில்லை. பட்டியல் பிரிவு மாணவர்களுக்கு அங்கேயும் குத்தும், அதை மறைக்க வேண்டியதில்லை. சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் மாணவர் அமைப்பு என்று பார்த்தால் ஐஐடிதான் முந்துகிறது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015இல் நிர்வாகம் ரத்து செய்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

பெண்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, கிண்டிதான். 1940களிலேயே அங்கே பெண்கள் படித்தார்கள். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அ. லலிதா 1943இல் அங்கிருந்துதான் பட்டம் பெற்றார். இன்று மெக்கானிக்கல் போன்ற சில துறைகளை விட்டால் மாணவிகள் குறைவாகத் தெரிவதில்லை, அதற்குத் தனி ஒதுக்கீடும் தேவைப்படவில்லை. ஐஐடிகளில் நிலைமை மோசமாக இருந்ததால்தான் 2018இல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களைத் தொடங்கி, அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போதும் பி.டெக். வகுப்பில் ஐந்தில் ஒருவர் பெண் என்ற அளவுதான். ப்ளஸ் டூவில் பெண்கள் நன்றாக எழுதுகிறார்கள் என்பது வருடா வருடம் தெரிகிறது. மகளை இரண்டு வருடம் பயிற்சி மையத்துக்கு அனுப்பப் பல வீடுகள் தயங்குவதுதான் இந்த வித்தியாசத்தின் வேர் என்று நினைக்கிறேன்.

ஐஐடி கிட்டத்தட்ட முழுக்க விடுதி வாழ்க்கை. இரவு இரண்டு மணிக்கும் ஆய்வகத்தில் ஆள் இருக்கும். முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பதால் இருபது வயதுப் பையன் முப்பது வயது ஆராய்ச்சியாளருடன் டீ குடித்தபடி பாடம் பேச முடியும். இதற்கு ஈடான ஒன்று கிண்டி இளநிலை மாணவருக்குக் கிடைப்பது கடினம். அங்கே சென்னை மாணவர்கள் பலர் மாலையில் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம் இருப்பது ஓரளவு ஆறுதல்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐஐடியில் பி.டெக். கல்விக் கட்டணம் வருடம் 2 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு உண்டு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் முழு விலக்கு, 5 லட்சத்துக்குக் கீழ் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. பணம் இல்லை என்று பயந்து அந்த சீட்டை விடாதீர்கள்.

ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று இப்போதே தெரிந்தவர் ஐஐடிக்குப் போகட்டும். ஊரை விட்டே வெளியே போகாதவர், வேறு மாநிலத்தாருடன் பழகிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அவரும் போகட்டும். இன்னும் முடிவாகாதவருக்கு, தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்துக்குத் தயங்குகிறவருக்கு, கிண்டியைத்தான் சொல்வேன். இளநிலை முடித்து, முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி எம்.டெக்.குக்கோ ஆராய்ச்சிக்கோ எதிர்ப்பக்கம் போக வழி இருக்கிறது. வருடந்தோறும் போகவும் செய்கிறார்கள்.