நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து எண்ணும் முறை: நாள்பட்டுப் பயன்படுத்தியதில் தெரிந்தவை

நீளமான ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று தேட, தலையிலிருந்து அசை பிரித்தால் நடுவில் தடுமாற்றம் நிச்சயம். கடைசி ஒட்டைப் பார்த்துப் பின்னாலிருந்து எண்ணுவதுதான் கைகொடுக்கிறது. 'ஷன்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எ-ஜு-கே-ஷனில் 'கே', ப்ர-னன்-சி-யே-ஷனில் 'யே'. எத்தனை நாளானாலும் காலைவாராத விதி இது. யூ-னி-வர்-சி-டி, பை-யா-ல-ஜி போன்றவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: 'வர்', 'யா'.

'இக்' என முடிந்தாலும் முந்தைய அசையில் அழுத்தம் என்பார்கள், இந்த விதியை அந்த அளவுக்கு நம்ப முடியாது. எ-க-னா-மிக்கில் 'னா' சரி. ஆனால் கணக்கைக் குறிக்கும் அரித்மெடிக்கில் 'ரித்', கேத்தலிக்கில் 'கே'. இன்ஜினியரில் கடைசி அசைக்கே அழுத்தம், கமிட்டியில் நடு அசைக்கு. 'மென்ட்', 'நெஸ்', 'லி' பொதுவாக அழுத்தத்தை நகர்த்தாது. டெவலப்பில் 'வெ' என்றால் டெவலப்மென்டிலும் 'வெ'தான். நம் பக்கம் முதல் அசையைத் தூக்கிச் சொல்வதே அதிகம் கேட்கிறது.

முறையின் உண்மையான பலன், அழுத்தம் இல்லாத உயிர் எங்கே தேய்கிறது என்று காட்டிக்கொடுப்பது. ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், அதனால் 'ஃபோ' முழுதாக ஒலிக்கும். ஃபோட்டோகிராஃபரில் அழுத்தம் இரண்டாவதுக்குப் போனதும் அதே 'ஃபோ' மங்கி 'ஃப' ஆகிவிடும், வாயில் வருவது 'ஃபடாக்ரஃபர்'. ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது அசை. தமிழில் எழுதிய உயிரையெல்லாம் முழுதாகச் சொல்லும் பழக்கத்தால், அழுத்தத்தைச் சரியாக வைத்தும் மற்ற உயிர்களைத் தேய்க்காமல் விட்டு, சொல்லைத் தட்டையாக்கிவிடுவோம்.

எண்ணிக்கை பிசகுவது எழுத்தைப் பார்த்து எண்ணுவதால். கம்ஃபர்டபிள் எழுத்தில் நான்கு அசை போலிருக்கும், பேச்சில் பெரும்பாலும் 'கம்ஃப்-ட-பிள்' என மூன்றுதான். ஃபிலிம் நம் வாயில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று. யாப்பிலக்கணம் படித்தவர்கள் நேர், நிரையை இதில் கலக்க வேண்டாம்: 'கட' அங்கே ஒரே நிரையசை, இந்தக் கணக்கில் இரண்டு அசை.

ரெக்கார்ட் மாதிரிச் சொல்லில் வால் எதுவும் சொல்லாது. பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசை, வினையாக இருந்தால் இரண்டாவது. அகராதிதான் கதி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் அழுத்தக் குறி அசைக்கு முன்னால் வரும், அமெரிக்கன் ஹெரிடேஜில் பின்னால். மெரியம் வெப்ஸ்டரில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகள் வரி முடிவில் சொல்லை உடைக்க மட்டுமே. அசையை எண்ண உச்சரிப்பு வரியைப் பாருங்கள்.